பயந்துகொண்டே வாதாடிய கோமதி அக்கா

ஒட்டன்சத்திரம் நீதிமன்றத்தில் நான் வாதாடும் வழக்கு அழைக்கப்படுவதற்காகக் காத்திருந்தேன். அங்குள்ள குமாஸ்தா ஒருவர் அருகில் வந்து, "ஏனுங்க மேடம், கோமதி மேடம் போயிட்டாங்களாமுங்க" என்றார். அன்று திண்டுக்கல்லில் அக்காவுக்கும் ஒரு வழக்கு இருந்தது. அதனால், "கோர்ட்டுக்கா?" என்று கேட்டேன். குமாஸ்தா தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். அக்கா இல்லாத அந்த வீட்டில் முருகேசன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்ற பயம். முருகேசன் அவருடைய ஒரே தம்பி. நாற்பத்தைந்து வயதானவர். அக்காவைத் தவிர கூட இருந்து பார்த்துக்கொள்ள அவருக்கு யாரும் இல்லை.

சின்னாளபட்டியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, திண்டுக்கல் நீதிமன்றங்களில் இருபத்தெட்டு ஆண்டுகள் வழக்காடியவர் கோமதி அக்கா. அவரை நேரில் அறிந்தவர்களைவிட, கைப்பேசியில் சுற்றிய ஒரு காணொளியில் பார்த்தவர்களே அதிகம். 'கஞ்சாவை அனுமதிக்கச் சொன்ன பெண் வக்கீல்' என்றுதான் அவர்கள் அவரைச் சொல்வார்கள். அந்தக் காணொளி எடுக்கப்பட்ட விவாதக் கூட்டத்தில் அவரை எதிர்த்துப் பேசியவள் நான். இதை எழுத வேண்டிய கடமை மற்றவர்களைவிட எனக்கு அதிகம் இருக்கிறது.

நான் தொழிலுக்கு வந்தபோது குற்ற வழக்குகளை நடத்திய பெண் வழக்கறிஞர் இங்கே அவர் ஒருவர்தான். துணிச்சல்காரர் என்று எல்லோரும் சொன்னார்கள். பக்கத்தில் இருந்து பார்த்த எனக்குத்தான் அவர் எவ்வளவு பயந்தவர் என்று தெரியும். நீதிபதி முன் எழும்போது கையிலிருக்கும் தாள் நடுங்கும். அது தெரியாமல் இருக்க, தாளை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டுதான் பேசத் தொடங்குவார். குரலில் மட்டும் அந்த நடுக்கம் இருக்காது. ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டேன். "பயம் போகட்டும்னு காத்திருந்தா நான் ஒரு கேஸும் நடத்தியிருக்க முடியாது சாந்தி" என்றார்.

போதைப்பொருள் வழக்குகளை நம் வழக்கறிஞர்கள் பலர் எடுக்கத் தயங்குவார்கள். அக்கா எடுத்தார். அவற்றில் ஒன்று கன்னிவாடிப் பக்கத்துப் பூ வியாபாரி மாரியம்மாளுடையது. உறவுக்காரன் ஒருவன் 'செத்த நேரம் இருக்கட்டும்' என்று மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போன மூட்டையில் கஞ்சா இருந்தது. அவ்வளவு கஞ்சா பிடிபட்டால் பிணை எளிதில் கிடைக்காது. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வருவதற்குள் ஓராண்டுக்கு மேல் மாரியம்மாள் சிறையில் கழித்துவிட்டார். விடுதலையான சில மாதங்கள் கழித்து நானும் அக்காவும் அவரைப் பார்க்கப் போனோம். எங்கள் கார் தோட்டத்துக்குள் நுழைந்த சத்தம் கேட்டதுமே அவர் பின்வாசல் வழியாக ஓடி மக்காச்சோளத்துக்குள் ஒளிந்துகொண்டார். அக்கா வரப்பில் நின்றுகொண்டு, "நாந்தான் மாரியம்மா, வக்கீலு" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது.

தன் வீட்டுக்கு யாரையும் அழைக்காத அக்கா, அன்று திரும்பும் வழியில் என்னைச் சின்னாளபட்டிக்கு அழைத்துப் போனார். உள்ளறைக் கதவில் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார். அதன் பிறகு முருகேசனைப் பற்றிச் சொன்னார்.

பாலிடெக்னிக்கில் படிக்கும்போது நண்பர்களோடு தொடங்கிய கஞ்சாப் பழக்கம். இரண்டே ஆண்டுகளில் அவருக்கு மட்டும் கேட்கும் குரல்கள் வரத் தொடங்கின. மின்விசிறி தன்னைத் திட்டுகிறது என்பார். தெருவில் போகிறவர்களெல்லாம் தன்னைப் பிடித்துக் கொடுக்க வந்தவர்கள் என்பார். நான்கு ஆண்டுகள் அவர் அந்த அறையிலேயே இருந்தார். பிறகு மதுரையில் ஒரு மருத்துவரிடம் காட்டி, மெல்ல மெல்லத் தேறினார். புகைக்கிற எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை என்றும், இவரைப் போன்ற சிலருக்கு அது பெரிய ஆபத்து என்றும் மருத்துவர் விளக்கினாராம். நான் பார்த்தபோது முருகேசன் அமைதியாக எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் காலையில் தெருமுனைத் தேநீர்க் கடைக்குத் தனியாகப் போய்வருவார். அந்த ஐம்பதடி தூரத்தைத்தான் அக்கா தன் வாழ்நாள் சாதனையாக எண்ணினார்.

"இது உன்னோட இருக்கட்டும் சாந்தி" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நகரின் வாசகர் வட்டத்தினர் நாகல்நகர்ப் பக்கம் ஒரு திருமண மண்டபத்தில் ஞாயிறு காலை ஒரு விவாதம் வைத்தார்கள். கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி வேண்டுமா, வேண்டாமா என்பது தலைப்பு. வேண்டும் என்று பேச அக்காவையும், வேண்டாம் என்று பேச என்னையும் அழைத்தார்கள். அக்கா ஒப்புக்கொண்டது எனக்கு ஆச்சரியம். நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. என் மகன் அப்போது வெளியூர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வரும்போது, அவன் குளிக்கப் போனதும் அவனுடைய சட்டைகளை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். அப்படிப்பட்ட பயத்தோடுதான் மேடையேறினேன்.

அக்கா முதலில் பேசினார். ஒளிந்து விற்கிறவன் வாங்குகிறவரின் வயதைக் கேட்பதில்லை, எதைக் கலந்திருக்கிறான் என்று சொல்வதில்லை; அரசு தன் கண்காணிப்பில், வயது வரம்போடு வைத்துக்கொண்டால் இரண்டையும் கேட்கலாம் என்றார். புகைத்தவரைச் சிறைக்கு அனுப்பி யாரையும் திருத்தியதை இத்தனை ஆண்டுகளில் தான் பார்க்கவில்லை என்றார். கூட்டம் அவர் பக்கம் சாய்வதை உணர்ந்தேன்.

என் முறை வந்தது. மதுக்கடைகளைத் திறந்துவிட்டு இன்று மூட முடியாமல் தவிக்கிறோமே, இன்னொரு கடையா என்று கேட்டேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் போதவில்லை. "கஞ்சா என்ன செய்யும் என்று என்னைக் கேட்காதீர்கள். இதோ உட்கார்ந்திருக்கும் வழக்கறிஞரின் வீட்டில் ஒரு தம்பி இருக்கிறார். அவரைப் போய்ப் பாருங்கள்" என்றேன்.

என் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எனக்கே ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அக்கா என்னைப் பார்க்கவில்லை. எழுந்து, தாளை மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார்.

"ஆமா, எனக்கு ஒரு தம்பி இருக்கான். அத அவன் தொட்டதுனாலதான் அவனுக்கு இப்படி ஆச்சு. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா நாலு வருசம் அவன் ஏன் வைத்தியம் இல்லாம கெடந்தான்னு கேளுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா போலீசுக்குச் சொல்லிருவாகன்னு நான் பயந்தேன். சிகிச்சைக்கு வாரவங்கமேல வழக்குப் போடாம இருக்கச் சட்டத்துல வழி இருக்கு. அத ஊருக்கெல்லாம் எடுத்துச் சொன்னவ நான். என் தம்பின்னு வந்தப்ப அத நம்ப எனக்குத் தைரியம் வரல. அவன அறைக்குள்ள வச்சுப் பூட்டுனேன். அவனக் கஞ்சா பாதி கெடுத்துச்சு. மீதிய என் பயம் கெடுத்துச்சு. வக்கீலு எனக்கே இம்புட்டுப் பயம்னா மத்தவங்களுக்கு எம்புட்டு இருக்கும்? அந்தப் பயம் போகணும்னுதான் இங்க வந்து நிக்கிறேன்."

அத்தோடு உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை.

யாரோ எடுத்த காணொளியில் இந்தப் பேச்சில் பாதியைக் காணோம். 'கஞ்சா வக்கீலின் தம்பி பைத்தியம்' என்ற தலைப்போடு அது சுற்றியது. பெயர் தெரியாத எண்களிலிருந்து அக்காவை அழைத்து அசிங்கமாகப் பேசினார்கள். தெருவில் முருகேசனைக் கண்டால் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். தேநீர்க் கடையில் முருகேசனுக்குக் காகிதக் கோப்பையில் தேநீரை ஊற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடிக்கச் சொன்னார்கள். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அக்காவைக் கூப்பிட எனக்கு முகமில்லை.

விவாதம் நடந்த ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு அவரே கூப்பிட்டார். "முருகேசனக் காணோம். வண்டியக் கொண்டு வாரியா?" அவ்வளவுதான் சொன்னார்.

அம்பாத்துரை ரயில் நிலையத்தில் விசாரித்தோம். பேருந்து நிலையத்தில் நடைமேடை நடைமேடையாகத் தேடினோம். படத்தைக் காட்டியபோது, காணொளியில் வந்தவரின் தம்பியா என்று ஒருவர் கேட்டார். அதற்குப் பிறகு அக்கா படத்தைக் காட்டவில்லை, அடையாளம் மட்டும் சொன்னார். பத்து மணியளவில், ஊருக்குத் தெற்கே தண்டவாளத்தில் ஒருவர் அடிபட்டுக் கிடப்பதாக எங்களுக்கு அறிமுகமான ஒருவர் தகவல் சொன்னார். காரை நிறுத்திவிட்டு ஜல்லிக் கற்கள் மேல் நடந்தோம். தூரத்தில் நான்கைந்து பேர் நிற்பது தெரிந்ததும் அக்கா நின்றுவிட்டார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போய்ப் பாரு" என்றார். அவர் விரல்கள் பதிந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

நான் போனேன். என்னால் அப்படி ஆகியிருக்கக் கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது மனத்தில் இல்லை. துணியை விலக்கிக் காட்டினார்கள். வேறு யாரோ ஒரு மனிதர். திரும்பி நின்று அக்காவுக்குக் கையசைத்து, இல்லை என்றேன். அவர் அங்கேயே தண்டவாளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் அருகில் போனதும், "அவரு வீட்டுலயும் தேடிக்கிட்டிருப்பாகல்ல" என்றார். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றாத நினைப்பு அது.

முருகேசன் கிடைத்தது நண்பகலில். கடைசியாகத் தேடிப் போன இடத்தில், விவாதம் நடந்த அதே மண்டபத்தில் இருந்தார். அன்று அங்கே ஒரு கல்யாணம். காவலாளி அவரைக் கல்யாணத்துக்கு வந்தவர் என்று நினைத்துப் பந்தியில் உட்கார வைத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பின்வரிசை நாற்காலியில் அமைதியாகக் காத்திருந்தார். சின்னாளபட்டியிலிருந்து அங்கே வரைக்கும் நடந்தே வந்திருக்கிறார்.

"இங்க எதுக்குய்யா வந்த?" என்று அக்கா கேட்டார்.

"கூட்டத்துல நானும் பேசணும்னு வந்தேன். நீ என்னயப் பூட்டுனேன்னு சொன்னியாம்ல. நீ பூட்டல. நான்தான பூட்டச் சொன்னேன். வெளிய வந்தா யாரையாச்சும் அடிச்சிருவேனோன்னு எனக்குப் பயமா இருந்துச்சுல்ல. அதச் சொல்லணும்."

அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. காரில் ஏறும்போது மன்னிப்புக் கேட்டேன். "நீயும் பயந்துதான பேசுன" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து மதிய உணவை முன்போல என்னோடு பகிர்ந்துகொண்டார்.

அவர் இறந்த அன்று காலையில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். விடிந்து சற்று நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அக்கா கூடத்தில் சரிந்திருக்கிறார். முருகேசனிடம் கைப்பேசி கிடையாது. அக்காவின் கைப்பேசியைத் திறக்கும் எண் அவருக்குத் தெரியாது. தெருவுக்கு ஓடி, பக்கத்தில் மூன்று வீட்டுக் கதவுகளைத் தட்டியிருக்கிறார். பதறிப்போய்க் கத்திக்கொண்டு நின்ற அவரைச் சன்னல் வழியாகப் பார்த்தவர்கள் கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் பால் வண்டிக்காரர் ஒருவர்தான் நின்று கேட்டு, அதே வண்டியில் அக்காவை மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கி நிறுத்திக்கொண்டாராம்.

அந்த மூன்று வீட்டாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். முருகேசனைப் பார்த்துப் பயப்பட அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நான். ஒலிபெருக்கியில், கைதட்டலுக்காகக் கற்றுக்கொடுத்தேன். கஞ்சாவைக் கடையில் வைத்து விற்கலாம் என்பதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை. அக்காவிடம் அதைச் சொல்லியிருக்கிறேன், அவரும் கேட்டுக்கொண்டார். ஆனால் பயத்தைப் பற்றி அவர் சொன்னது சரி. அதை அன்றே மேடையில் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது தாளில் எழுதுகிறேன்.

இறுதிச் சடங்கெல்லாம் முடிந்த மறுநாள் நான் அந்த வீட்டில் இருந்தேன். முருகேசனைக் கொஞ்ச நாளைக்கு நெய்க்காரப்பட்டியில் இருக்கும் அவருடைய சித்தி வீட்டுக்கு அழைத்துப் போவதைப் பற்றி அவரும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். சன்னல் வழியாகப் பார்த்தேன். அந்த மூன்று வீடுகளில் ஒரு வீட்டுப் பெண், கையில் தூக்குவாளியோடு, தட்டிவிட்டோமே என்று பயந்தவர் போல இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். என்ன சொல்லி அனுப்புவது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

முருகேசன் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். "உள்ள வாங்க" என்றார்.

போய் வாருங்கள் அக்கா. அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.