நாகேசு அண்ணை கூட்டிய மேளம்

சரவணைக் கிராமத்து நாகேசு அண்ணை காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் ஊர்காவற்றுறைத் தவில்காரர் தில்லை. காலையில் நாதஸ்வரத்தின் சீவாளிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது.

"மாஸ்டர், அண்ணை போயிட்டார். தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையிலை சாஞ்சவராம். பிறகு எழும்பேல்லை."

பிறகு தில்லை மெல்லக் கேட்டார்: "இனி எங்கடை கூட்டு மேளம் என்ன மாதிரி?"

சீவாளிகளைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய தவிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்பதும் சந்தேகம். பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தபடி கோயில்களில் நாதஸ்வரம் வாசித்து வந்தவன் நான். ஆகவே அவர் கூட்டிய மேளத்தைப் பற்றி மட்டும், நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

நாங்கள் நால்வரும் தனித்தனி மேளக் குழுக்களின் தலைவர்கள். தவிலில் அண்ணையும் தில்லையும். நாதஸ்வரத்தில் நயினாதீவுக் குலமும் வேலணையிலிருந்து நானும். ஒருவரின் மேளம் நடக்கும் கோயில் வீதிப்பக்கம் மற்றவர் தலைகாட்டுவதில்லை. போனால், களவாகக் கேட்டுப் படிக்க வந்தவன் என்று கதை கட்டிவிடுவார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், யாரோ ஒருவரின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறி அண்ணை எங்கள் மூவரின் வீட்டுக்கும் வந்தார். என் வீட்டில் கதிரையில் இருக்கக்கூட இல்லை.

"நாலு கோயிலிலை நாலு ராசாவா இருந்து கண்டது காணும், மாஸ்டர். ஒரு கோயிலிலை நாலு பேரும் நிண்டு பாப்பம்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

"நீர் யோசிச்சு முடிய எனக்குத் திவசம் வந்திடும். ஓம் எண்டு சொல்லும்."

ஓம் என்றேன். மற்ற இருவரும் அப்படித்தான்.

முதல் சிக்கல், நால்வரும் சேர்ந்து வாசிக்க இருந்த முதல் திருவிழாவின் நோட்டீசில் வந்தது. யாருடைய பெயரை முதலில் போடுவது? அச்சகத்துக்குப் போகவேண்டிய தாள் இரண்டு வாரம் கோயிலிலேயே கிடந்தது. யாரும் வாய்திறந்து கேட்கவில்லை, யாரும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. கடைசியில் அண்ணை கோயில்காரரிடம், "யாழ்ப்பாணத்திலையிருந்து வாற பஸ்ஸுக்கு முதல் ஆரின்ரை ஊர் வருதோ, அவரின்ரை பேரை முதல் போடுங்கோ" என்றார். அப்படிப் பார்த்தால் வேலணைக்காரனான என் பெயர் உச்சியில் ஏறியது. எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. நயினாதீவுக்குப் படகு ஏற வேண்டிய குலம் சும்மா விடவில்லை. "அப்ப என்ரை பேர் கடலுக்குள்ளதான் நிக்கும்" என்றார். அண்ணை, "பயப்பிடாதையும், உம்மடை நாதஸ்வரம் அங்கையிருந்தும் கேக்கும்" என்றார். குலம் சிரித்துவிட்டார். நோட்டீஸ் அச்சுக்குப் போனது.

முதல் கச்சேரியன்று சனம் வீதி நிறைய. வசந்த மண்டபத்தில் பூசை முடிந்து சுவாமி எழுந்தருள ஆயத்தம். நாங்கள் நால்வரும் பட்டுடுத்தி நிற்கிறோம். அப்போதுதான் தெரிந்தது, தாளம் போட ஒருவரும் இல்லை. காலமெல்லாம் தாளக்காரர் எங்கள் பின்னால் தானாக வந்து நிற்பது பழகிவிட்டது. மற்றவரின் ஆள் வருவார் என்று நால்வருமே எண்ணியிருந்தோம். கைத்தாளமும் இல்லை, போடுபவரும் இல்லை. இதை யாருக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அண்ணை தவிலைத் தோளிலிருந்து கழற்றித் தூணோடு வைத்தார். பசனை பாடியவர்களிடம் போய் ஒரு சோடித் தாளத்தை வாங்கிக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றார். சனம் வந்ததே அவருடைய தவிலைக் கேட்க. கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "அண்ணை, தவில் எங்கை?"

"இண்டைக்குத் தில்லையின்ரை தவிலைக் கேளும். நானும் இப்பதான் வடிவாக் கேக்கப் போறன்."

வெளிவீதி முழுவதும் அவர் தாளம் தவறவில்லை. தில்லை அப்படி வாசித்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சுவாமி வீதி சுற்றி இருப்பிடத்துக்குத் திரும்பியதும் அண்ணை தில்லையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நாளும் இதை ஒளிச்சு வைச்சிருந்தனீரோ?" என்றார். அன்று முதல் எங்கள் மேளத்தில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒருவர் முறைவைத்துத் தாளம் போட்டோம். வெளியூர் மேளக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்ததும் உண்டு.

செத்தவீடு முடிந்த கிழமை, வரும் திருவிழாவுக்கு எங்களை ஏற்கெனவே ஒழுங்குபண்ணியிருந்த ஊர்காவற்றுறைக் கோயில் தலைவர் எனக்கு அழைப்பெடுத்தார். "அண்ணை இல்லாமல் நீங்களும் கரைச்சல்படுவியள். வேறை மேளம் சொல்லட்டோ, மாஸ்டர்?"

மற்றவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்பதே என் வழக்கமான பதில். அன்று, "வேண்டாம், நாங்கள் வாறம்" என்று சொல்லிவிட்டேன். அழைப்பு முடிந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. உடனே குலத்துக்கு எடுத்தேன்.

"ஆரைக் கேட்டு ஓம் எண்டனீர்?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை."

குலம் சொன்னார்: "அப்ப சரி. அண்ணையும் ஒருத்தரையும் கேக்கிறேல்லை."

அண்ணையின் சொந்த மேளத்தை இப்போது நடத்துபவர் தவில்காரர் செல்வன். அவரை நாலாவது ஆளாகக் கேட்டோம். தீவகத்தில் அவருக்கும் இப்போது நல்ல பெயர். முறைவைத்துத் தாளம் போடும் எங்கள் வழக்கம் தெரியுமோ என்று தயங்கியபடி கேட்டேன். "தெரியும், மாஸ்டர். முதல் முறை என்ரையாய் இருக்கட்டும்" என்றார்.

போன கிழமை அந்தத் திருவிழா நடந்தது. சனம் குறையவில்லை. தெற்கு வீதியில் குலம் தோடியை எடுத்தார். முன்பெல்லாம் அவர் வாசிக்கும்போது, அடுத்து நான் என்ன வாசிப்பது, அவருக்குக் குறையாமல் எப்படி வாசிப்பது என்றே மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். அன்று நாதஸ்வரத்தை இறக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாசித்ததைக் கேட்டேன். அவர் நிறுத்தியபோது எனக்கு வாசிக்க ஒன்றும் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆனாலும் வாயில் வைத்தேன், வந்தது.

நாகேசு அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கேட்கும் பழக்கம் ஒன்றைத்தான். அது இன்னும் எனக்கு முழுதாகக் கைவரவில்லை. அடுத்த மாதம் நயினாதீவில் திருவிழா இருக்கிறது, அங்கேயும் கேட்டுப் பழகவேண்டும்.