அம்மா பிடித்த கம்பி

பிள்ளைகளே, நம் அணி வெளிநாட்டில் ஆடும் டெஸ்ட் ஆட்டத்தை என் மகள் நேற்றுக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று படம் நின்று, கரகரவென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் என்னை ரிவர்ஸ்டன் பக்கத்திலிருந்த எங்கள் தேயிலைத் தோட்ட லயத்துக்கே, தொழிலாளர்களின் அந்த வரிசை வீட்டுக்கே, கொண்டுபோய்விட்டது.

எங்கள் வானொலிக்கும் மூடுபனிக்கும் ஆகவே ஆகாது. கூரையிலிருந்து தொங்கும் ஏரியல் கம்பியை யாராவது பிடித்துக்கொண்டால்தான் பேச்சு தெளியும். அதுவும் என் அம்மா பிடித்தால்தான் நன்றாகக் கேட்கும்.

அன்றும் நம் அணி வெளிநாட்டில்தான் ஆடியது. வெல்வதற்கு இன்னும் ஒரே ஒரு விக்கெட் வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்த அம்மா, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பினார். பிந்திப் போனால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் கிடைக்கும்.

"கொஞ்ச நேரம் புடிம்மா!" என்று கெஞ்சினேன். கூடையோடு நின்று பிடித்தார்.

அதற்குள் மலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணி மாமா சத்தம் போட்டபடி வந்துவிட்டார். "என்னக்கா, ஒங்களுக்குப் பல்லக்கு அனுப்பணுமா?"

அம்மா பயந்து கையை எடுத்தார். வானொலி கரகரத்தது. கங்காணி மாமா எட்டிப் பார்த்தார். "கடைசி விக்கெட் மாமா!" என்று கத்தினேன்.

"ஐயோ, கடைசி விக்கெட்டா? கம்பிய விட்றாதீங்கக்கா! முழுப்பேரே போடுறேன்!"

அம்மா மறுபடி பிடித்தார். அடுத்த பந்திலேயே ஸ்டம்ப் பறந்தது! லயமே அதிர்ந்தது. கங்காணி மாமா எங்கள் தகர வாளியைக் கவிழ்த்து மேளமாக அடித்தார்.

அம்மாவுக்குக் கிரிக்கெட்டில் ஒன்றுமே தெரியாது. ஆனாலும் மலையேறும்போது, மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து உரக்கக் கத்தினார்:

"ஜெயிச்சிட்டோம்டி! நாந்தான் புடிச்சிக்கிட்டு நின்னேன்!"