காஞ்சனா கையெழுத்துப் போடவில்லை

மோட்டார் சைக்கிள் ஓட்டினால் காஞ்சனாவைப் போல ஓட்ட வேண்டும் என்று சுங்கை கெலாடியில் ஆண்களே சொல்வார்கள். பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து கூலிம் ஹைடெக் பூங்காவுக்குத் தனியாக மோட்டாரில் வேலைக்குப் போன முதல் பெண் அவள். சிப் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், மயிரிழைக் கீறலும் தப்பாது. அவள் கணவன் ரவிச்சந்திரன் அதே பூங்காவில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ஆனாலும் அவள் ஒருநாளும் பஸ்ஸில் ஏறியதில்லை.

அன்று ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் திரும்பும்போது நல்ல மழை. அவள் வேலைக்குப் போன பிறகு, கால்வாய் போட நகராண்மைக் கழகம் ஊர் முகப்பில் சாலையின் குறுக்கே வெட்டி வைத்திருந்தது. பலகை இல்லை, தடுப்பு இல்லை. மழைத்தண்ணீர் குழியை நிரப்பி, சாலையோடு சாலையாகக் கிடந்தது. முன்சக்கரம் உள்ளே இறங்கியதுதான் அவளுக்குத் தெரியும். கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கழகத்திலிருந்து சுகுமாரன் என்ற அதிகாரி பழக்கூடையோடு வந்தார். "விசாரணை நடக்குதுக்கா. கோர்ட்டு கேஸுன்னு அலையாதீங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். காஞ்சனா நம்பினாள். கட்டைக்கால் பொருத்தி நடை பழகவே காலம் ஓடிவிட்டது. எப்போது போன் போட்டாலும், "ஃபைல் மேல போயிருக்குக்கா" என்ற பதில்தான்.

மூன்று வருஷம் கடந்த பிறகு சுகுமாரன் வீட்டுக்கே வந்தார். கழகம் இரக்கப்பட்டு சாகுஹாத்தி என்று கொஞ்சம் பணம் கொடுக்கிறதாம். ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

காஞ்சனா படித்துப் பார்த்தாள். "சொந்தக் கவனக்குறைவால் விழுந்தேன்னு போட்டிருக்கே, தம்பி."

"அது சும்மா ஃபார்மாலிட்டிலா, அக்கா."

"நான் விழுந்தது சும்மா இல்லையே."

அவர் போன பிறகு ரவிச்சந்திரன் மெதுவாகச் சொன்னான்: "வாங்கிக்கலாம்லா, காஞ்சனா. யாரோட மல்லுக்கு நிக்க முடியும்?"

"எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியலன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா?" என்று கேட்டாள். மறுநாள் ரவிச்சந்திரன் லீவு போட்டுவிட்டு, அவளைச் சுங்கைப் பட்டாணியில் ஒரு வக்கீலிடம் அழைத்துப் போனான்.

லோயர் பிரேமினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "அரசாங்க அமைப்பு மேல வழக்குப் போட மூணு வருஷம்தான் கெடு. அது தெரிஞ்சுதான் உங்களை இழுத்தடிச்சிருக்காங்க. கோர்ட்டுக் கதவு மூடிப்போச்சு, அக்கா."

"வேற கதவே இல்லையா?"

"ஒண்ணு இருக்கு. சட்டமன்றம். தப்பு கழகத்துடையதுன்னு அவங்களே தீர்மானம் போட்டு இழப்பீடு கொடுக்கலாம். ஆனா லேசில்ல. சாட்சி வேணும்."

சாட்சி, குழிக்கு எதிரிலேயே நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார அம்மா, ரொக்கையா மாக்சிக். விபத்துக்கு முந்தின ராத்திரி, குழி வெட்டின கையோடு கழகத்து லாரி வந்து, தடுப்புப் பலகைகளை வேறு சாலைக்கு அள்ளிக்கொண்டு போனதை அவர் பார்த்திருந்தார். அவர் கடை லைசென்ஸ் அதே கழகத்தின் கையில். காஞ்சனா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். மாக்சிக் பொட்டலம் கட்டும் கையை நிறுத்தவில்லை. "லைசென்ஸ் போனால் போகட்டும். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால் நான் எப்படித் தொழுவது?" என்று மலாயில் சொன்னார்.

தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் மனுவை எடுத்துக்கொண்டார். மாநிலத் தலைநகரான அலோர் ஸ்டாரில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. ரொக்கையா மாக்சிக் கண்டதைக் கண்டபடி சொன்னார். பிறகு காஞ்சனாவின் முறை. குழுவில் ஒருவர் கேட்டார்: "மழையில் நீங்கள் வேகமாக வந்திருக்கலாம் அல்லவா?"

தோட்டத்துப் பள்ளியில் கற்ற மலாயில் அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். "என் வேகம் எனக்குத் தெரியும், துவான். தண்ணீருக்கு அடியில் குழி இருந்தது யாருக்குத் தெரியும்? வெட்டினவர்களுக்கு மட்டும்தான்."

கேட்டவர் தலையைக் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

தீர்மானம் சபைக்கு வந்த நாளில் காஞ்சனாவும் ரவிச்சந்திரனும் மேல்மாடத்தில் இருந்தார்கள். சபாநாயகர் வாசித்தார். 'கழகத்தின் கவனக்குறைவால்' என்ற சொல் மலாயில் மண்டபம் முழுக்கக் கேட்டது. இழந்த சம்பளமும், ஆயுள் முழுக்கக் கட்டைக்கால் செலவும் இழப்பீடாகத் தர வேண்டும். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டு பக்கமும் 'செத்துஜு', சம்மதம், என்றன. ரவிச்சந்திரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. காஞ்சனா அழவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள், மைக்ராஸ்கோப் முன்னால் உட்காருவதைப் போல.

பணத்தைக் கொடுக்கக் கழகம் ஒரு விழாவே வைத்தது. கதவளவு அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கும்படி சுகுமாரன் கூப்பிட்டார். காஞ்சனா நகரவில்லை.

"மாக்சிக் வரட்டும், தம்பி. அவங்க பக்கத்துல நின்னாத்தான் நான் நிப்பேன்."

கடையை அப்படியே போட்டுவிட்டு, மாவுக் கறை படிந்த துடோங் முக்காட்டோடு ரொக்கையா மாக்சிக் வந்து நின்றார். மறுநாள் பத்திரிகையில் இரண்டு பெண்களும் நடுவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் சுகுமாரனின் தோள்பட்டை மட்டும் தெரிந்தது.