வாசலில் கொட்டிய மணல்

நான் படித்தது கல்லாகிப்போன எலும்புகளைப் பற்றி. அதிலும் டைனோசர் காலத்தில் அதன் காலடியில் ஒளிந்து திரிந்த, எலி அளவுகூட இல்லாத முதல் பாலூட்டிகளைப் பற்றி. அதுகளில் மிஞ்சுவது பெரும்பாலும் பல் மட்டும்தான். கண்டனூரில் இதைச் சொன்னால் யாருக்கு விளங்கும்? "பல்லு டாக்டருக்கா படிக்கிறீக?" என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் தங்கைக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மூத்தவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் இளையவளுக்கு. வேண்டாமென்றது நான்தான், எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. சொன்னால் எவரும் நம்பவில்லை.

அப்போதுதான் கோதாவரிப் பக்கம் ஒரு ஓடைக்கரையில் முகாமை முடித்திருந்தேன். களிமண்ணை வெட்டி, தண்ணீரில் அலசி, மெல்லிய சல்லடையில் மணலாய் நின்றதை மட்டும் இரண்டு சாக்கில் கட்டி, கல்யாண வீட்டுக்கே ரயிலில் கொண்டுவந்துவிட்டேன். ஒரு கைப்பிடியைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததிலேயே ஒரு பல் கிடைத்திருந்தது, கடுகைவிடச் சிறிசு. மிச்சத்தில் ஒரு துண்டுத் தாடை கிடைத்தால் போதும், அது என்ன பிராணி என்று அடித்துச் சொல்லிவிடலாம். கல்யாணம் முடியட்டும், நிதானமாகப் பொறுக்கலாம் என்றிருந்தேன்.

கிடைத்த பல்லைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, என்னைப் பெற்ற அப்பச்சியிடம் காட்டினேன். மனுஷனுக்குப் பெருமை பிடிபடவில்லை. வந்த விருந்தாளிக்கெல்லாம் குப்பியை நீட்டி, "எம் மக கண்டுபிடிச்சது" என்றார். என் படிப்பைப் பற்றி அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மழை கொட்டித் தீர்த்தது. காலையில் நான் உள்ளே தங்கைக்குத் தலை பின்னிவிட்டு வெளியே வந்தேன். சேறாய்க் கிடந்த வாசல் காய்ந்திருந்தது.

"மாப்பிள்ளை எறங்குற எடமாச்சே ஆத்தா. நல்ல வேளை, ஒன் சாக்கு ரெண்டும் இருந்துச்சு. நல்லாச் சலிச்ச மணலு" என்றார் அப்பச்சி. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பல்லத்தான் நீ எடுத்துட்டியே?" என்றார். பாவம், சாறு பிழிந்த சக்கை என்று நினைத்துவிட்டார்.

நாயனம் ஊதுகிறார்கள், மாப்பிள்ளை கார் வந்து நிற்கிறது. யாரிடம் போய்க் கத்த? "நல்லதுதான் அப்பச்சி" என்றேன்.

சாயந்தரம் மறுபடி மழை. மறுநாள் சுரண்டி எடுத்துச் சலித்ததில் அட்சதையும் பாக்குத் துண்டும் மல்லிகைக் காம்பும்தான் வந்தன. அடுத்த வருஷம் கோதாவரிக்குப் போனால், அந்தக் கரையையே வெள்ளம் அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஒற்றைப் பல்லை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று என் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள். கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விட்டேன். வேறு இடத்தில் வேறு ஆட்கள் தாடையே எடுத்தார்கள். வயிற்றெரிச்சல்தான், இல்லை என்பானேன்?

வாசலில் மணமக்களோடு எடுத்த படத்தில் எல்லாரும் கேமராவைப் பார்க்க, நான் மட்டும் குனிந்து தரையைப் பார்க்கிறேன். மூத்தவளுக்குப் பொறாமை என்று ஊர் பேசியது. தங்கையும் அதையே நம்பினாள், அந்தப் படத்தை அவள் வீட்டில் மாட்டவே இல்லை. அப்பச்சி இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. தெரிந்தால் உடைந்துபோயிருப்பார்.

அவர் காரியம் முடிந்த பிறகு தங்கையிடம் எல்லாம் சொன்னேன். பொறாமை இல்லடி, மணலைத்தான் பார்த்தேன் என்றேன். அவள் மனசு ஆறும் என்று நினைத்தேன். பெட்டியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொறாமைன்னாலும் என்னைய நெனச்சீகன்னு இருந்தேன் ஆச்சி" என்றாள். எங்களில் அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவது. "சரி, இதுல நான் கட்டியிருக்கேனே, இந்தச் சேலை என்ன கலரு? சொல்லுங்க பாப்பம்."

படம் கறுப்பு வெள்ளை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.