ஸ்தனிஸ்லாஸ் கல்யாணத்தன்று ஷாஃப்ட் வளைந்த கதை

திருச்சி பவர்ஹவுஸில் டர்பைன் ஓட்டிய ஸ்தனிஸ்லாஸுக்குக் காப்பி குடிப்பதே ஒரு பெரிய காரியம். முதலில் தம்ளரில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றிச் சுழற்றுவான். வெளியே தொட்டுப் பார்ப்பான். அப்புறம்தான் காப்பி. பித்தளைத் தம்ளருக்கு ஒன்றும் ஆகிவிடாதப்பா என்று யார் சொன்னாலும் காதில் ஏறாது. சூடு மெதுவாக ஏற வேண்டும், மெதுவாக இறங்க வேண்டும், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவ வேண்டும். இது அவனுடைய வார நாள் வேதம். ஞாயிற்றுக்கிழமை வேதம் பாலக்கரைக் கோயிலில்.

மனிதனைக் குறை சொல்லிப் பயனில்லை, அவன் பிழைப்பு அப்படி. நீராவி பாய்ந்து சுழலும் சக்கரங்களை நீளமான ஒரு ஷாஃப்ட்டில் கோத்து, இரும்பு உறைக்குள் அடைத்தால் அதுதான் டர்பைன். அதை ஓட்டுவதைவிட நிறுத்துவதில்தான் வம்பு அதிகம். நின்ற பிறகு உறையின் மேல்பாதி சூடாகவே இருக்கும், கீழ்பாதி முந்திக்கொண்டு ஆறும். அப்படியே விட்டுவிட்டால் ஷாஃப்ட் முதுகு வளைந்துவிடும். வளைந்ததை ஓட்டினால் உள்ளே உரசி மெஷினே போச்சு. அதனால் ஆறும்வரை கம்பி போட்டு, தோசையைத் திருப்புவது போல அரைச்சுற்று அரைச்சுற்றாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவன் திருப்ப, இன்னொருவன் ஷாஃப்ட்டின் மேல் டயலை வைத்து ஊசியைப் பார்ப்பான். ஊசி ஆடினால் வளைவு இருக்கிறது என்று அர்த்தம். பின்னால், அறுபதுகளில் நெய்வேலிக்குப் போய், உலோகத்தின் சூட்டைத் தானே காகிதத்தில் கோடு போட்டுக் காட்டும் கருவிகளுக்கு நடுவே உட்கார்ந்தபோதும் ஸ்தனிஸ்லாஸ் தம்ளரை வெந்நீரில் சுழற்றாமல் காப்பி குடித்ததில்லை.

இப்பேர்ப்பட்ட நிதானஸ்தன் தலைகுப்புற விழுந்தது ஓரிடத்தில்தான். பொன்மலை ரயில் டிரைவர் சவரிராயனின் மகள் அக்னஸிடம். பெண் பார்க்கப் போனவன் காப்பியை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருக்க, சவரிராயனுக்குப் பொறுக்கவில்லை.

"சிக்னல் விழுந்தா நான் வண்டியைக் கிளப்பிடுவேன் தம்பி. உங்க மெஷினு எழுந்து பல் விளக்கறதுக்குள்ளயே மத்தியானம் ஆயிடும் போலிருக்கே!"

கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. அவ்வளவுதான், ஸ்தனிஸ்லாஸ் சூடான காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டான். நாக்கு வெந்துபோனது கூடத் தெரியவில்லை.

அக்னஸ் இவன்தான் என்று நின்றாள். சவரிராயனுக்கோ அரைமனசு. நாளைத் தள்ளித் தள்ளி, கடைசியில் ஐம்பத்திரண்டாம் வருஷம் விபூதிப் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையில் கொண்டுவந்து வைத்தார். புதன் பிறந்தால் நாற்பது நாள் தபசுகாலம், பாஸ்கா என்கிற ஈஸ்டர் கழியும்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதுவரை சவரிராயனின் அரைமனசு தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. கல்யாண நாள் வந்தும் அவர் வாயில் ஸ்தனிஸ்லாஸ் "அந்தத் தம்பி"தான். மாப்பிள்ளை என்ற சொல் வரவே இல்லை.

அன்று காலை கோயிலில் கூட்டம் நெரிந்தது. பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வேண்டுமே என்று மணமக்கள், பெண்ணின் தகப்பன் எல்லாரும் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தார்கள். அந்தக் காலத்து நியமம் அது. கோயிலில் புதிதாக மாட்டிய மின்விசிறிகள் சுழன்றன. 'நம்ம காத்து' என்று ஸ்தனிஸ்லாஸுக்கு உள்ளூரப் பெருமை. கோட்டும் மாலையுமாக, பக்கத்தில் அக்னஸுமாக, தரையில் கால் பாவாமல் நின்றான்.

சாமியார் பீடத்துக்கு வரும் நேரம். விசிறிகள் தளர்ந்தன, தள்ளாடின, நின்றன.

"என்னங்க, மேலேயே பாக்குறீங்க?" என்றாள் அக்னஸ்.

"மெஷின் நின்னு போச்சு. டர்பைன்கிட்ட காஜா மைதீன் மட்டும்தான் இருக்கான். நான் ஒருத்தனே சமாளிச்சுக்கிறேன், நீ போய்க் கல்யாணம் பண்ணிக்கன்னு அனுப்பி வெச்சான். ஓடறப்ப சமாளிக்கலாம். நின்னா ரெண்டு பேர் வேணும் அக்னஸ், இல்லாட்டி வளைஞ்சிடும்."

அழுவாள் என்று நினைத்தான். அவளுக்கோ முக்காட்டுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப ஏன் நிக்கிறீங்க? ஓடுங்க! நான் எங்கயும் போயிட மாட்டேன்."

சாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "உச்சிப்பொழுதுக்குள்ள வந்துடு. தாண்டினா பூசை வைக்க எனக்கு உத்தரவு இல்லை. அப்புறம் பாஸ்கா கழிச்சுத்தான், சொல்லிட்டேன்!"

வாசலில் யாருடையதோ சைக்கிள். எடுத்தான், பறந்தான். மாலை ஒரு பக்கம் பறக்க, கோட்டு ஒரு பக்கம் பறக்க, மாப்பிள்ளை போவதைப் பார்த்துத் தெருவே கைகொட்டிச் சிரித்தது. குழாயடியில் ஒருத்தி குடத்தை இறக்கிவிட்டே கேட்டாள்: "ஏன் ராசா, பொண்ணு பிடிக்கலையா?"

"பொண்ணு ரொம்பப் பிடிச்சிருக்குங்க! ஷாஃப்ட்டுதான் தகராறு!" என்று கத்திக்கொண்டே போனான். அவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

பவர்ஹவுஸில் பாய்லர் குழாய் ஒன்று வெடித்திருந்தது. எஞ்சினீயர் முதல் கரி அள்ளுகிறவர்வரை எல்லாரும் இரண்டாவது பாய்லரை மூட்டப் போயிருந்தார்கள். டர்பைனுக்குப் பக்கத்தில் காஜா மைதீன் கம்பிக்கும் டயலுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான்.

"யா அல்லா! இன்னிக்கு உனக்கு நிக்காஹ்டா, இங்க எதுக்கு வந்தே?"

"ஊசி?"

"ஆடுது. நல்லாவே ஆடுது. ராத்திரி ஸ்ரீரங்கத்துல மாசித் தெப்பம் வேற. விளக்கு எரியலைன்னா அந்தத் தீவே நம்ம மேல பாயும்."

ஸ்தனிஸ்லாஸ் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். வளைந்து மேலே துருத்திய பக்கத்தைக் கீழே திருப்பிவைத்து, சூடு சமமாகும்வரை பொறுத்து, பிறகு அரைச்சுற்று. மறுபடி பொறுமை. மறுபடி அரைச்சுற்று. வாழ்நாள் முழுவதும் அவசரப்படாதவன் அன்றைக்குத்தான் அவசரம் என்றால் என்ன என்று கண்டான். ஊசியின் ஆட்டம் குறைந்தது, ஆனால் அது மாமியார் கோபம் போலத்தான் குறைந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. மூலையில் மண்பானை நிறையத் தண்ணீர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, தொட முடியாது. பெண் கோயிலில், மனசு பெண்ணிடத்தில், கண் ஊசியில்.

அப்போது சவரிராயன் உள்ளே நுழைந்தார். பட்டு வேட்டி, கையில் ரயில்வே கடிகாரம், முகம் அடுப்புக்கரி.

"என் பொண்ணு கோயில்ல தனியா நிக்கிறா! இன்னும் அரைமணிகூட இல்லை. நீ இங்க இரும்பைக் கொஞ்சிக்கிட்டிருக்கியா?"

"இப்ப விட்டா இது கோணிக்கும் மாமா. மைதீன் திருப்பறான். நான் போயிட்டா ஊசியைப் பாக்க ஆள் இல்லை."

சவரிராயன் குனிந்து டயலைப் பார்த்தார். ஊசி போய்ப் போய் வந்தது. கொதிக்கும் பாய்லரில் அவசரக்காரன் பச்சைத் தண்ணீர் விட்டுத் தகடு பிளந்ததை அவர் கண்ணால் பார்த்தவர். சூட்டோடு விளையாடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"எதுவரைக்கும் ஆடினா தேவலை?"

"இந்தக் கோட்டுக்குள்ள வரணும் மாமா. ஆட்டம் கூடினா துருத்தற பக்கத்தைக் கீழ வெச்சு நிறுத்தணும். குறைஞ்சா திருப்பிக்கிட்டே இருக்கணும்."

சவரிராயன் இன்னொரு தரம் ஊசியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நேரே பானையிடம் போய் ஒரு சொம்பு மொண்டு, அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

ஸ்தனிஸ்லாஸ் பதறிவிட்டான். "மாமா! நன்மை வாங்கணுமே!"

"எனக்கு இனிமே இன்னிக்குக் கிடையாது, குடிச்சாச்சு. நான் அங்க வந்து என்ன ஆகப்போகுது?" சட்டையைக் கழற்றி மாலைக்குப் பக்கத்தில் மாட்டினார். "நீ குடிக்கலையில்ல? அப்ப கிளம்பு. ஓடு மாப்பிள்ளே!"

ஸ்தனிஸ்லாஸுக்குக் காது அடைத்தது. சந்தோஷமா பசியா என்று அவனுக்கே தெரியவில்லை. மாலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். சைக்கிள் மிதித்தானா, சைக்கிள் அவனை மிதித்ததா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். கோயில் வாசலில் நின்ற கூட்டம் "வந்துட்டான்டா!" என்று கூவியது. பாதி உதிர்ந்த மாலை, கன்னத்தில் எண்ணெய்ப் பூச்சு. அக்னஸ் திரும்பிப் பார்த்து, கோயில் என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சாமியாரும் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டு பூசையை ஆரம்பித்தார். உச்சிப்பொழுது தாண்டவில்லை. எண்ணெய்க் கையைக் கோட்டில் துடைத்துக்கொண்டு ஸ்தனிஸ்லாஸ் தாலி கட்டினான்.

கல்யாணச் சோறு காத்திருந்தது. மணமக்கள் விருந்துக்குப் போகாமல் குதிரை வண்டியைப் பவர்ஹவுஸுக்குத் திருப்பச் சொன்னார்கள். கூறைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்னஸ் எண்ணெய்த் தரையில் நடந்து வந்தாள். சவரிராயன் பனியனோடு டயல் முன்னால் குந்தியிருந்தார். பட்டு வேட்டி கறுத்துக் கிடந்தது.

"நேராயிடுச்சாப்பா?"

"கோட்டுக்குள்ள வந்துடுச்சு. சாயங்காலம் ஓட்டலாம்." எழுந்து, பழந்துணியில் கையைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். "நீ கல்யாணம் பண்ணிக்கிட்டதை நான் பாக்கலையேம்மா. எங்கே, காட்டு."

அக்னஸ் மாலைக்குள்ளிருந்து தாலியை எடுத்துக் காட்டினாள். எண்ணெய்க் கையால் தொடக்கூடாதென்று அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கவும் கை இல்லை, அக்னஸ்தான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"அரைச்சுத்து நேரமாச்சு!" என்று மைதீன் குரல் கொடுத்தான். ஸ்தனிஸ்லாஸ் போய்க் கம்பியைப் பிடித்தான்.