நீள முடிக்கு ஆகாத எண்ணெய்

பங்களாவின் நீள முடி நாயின் காதோரத்திலிருந்து எண்ணெய் சொட்டியதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், பங்களாவின் பின்பக்கம் என் ஒரு வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் விரலிடுக்கெல்லாம் சிரங்கு. கை வீங்கி, இரண்டு நாளாகப் பால்கூடக் குடிக்காமல் அழுதாள். அவள் அப்பாவைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். கூலிக்காரர்கள் குடியிருந்த எங்கள் லயத்தில் சவுக்காரம் இல்லை, எண்ணெய் இல்லை, கந்தகம் கண்ணில் பட்டே மாதங்களாயின. நாய்களுக்கு மட்டும் வாரம் தவறாமல் ஒரு டின் தேங்காய் எண்ணெயும் கந்தகத் தூளும் வந்தன.

அந்த டின் என் அண்ணன் பொறுப்பில் இருந்தது. ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை விட்டுச் சென்ற மூன்று நாய்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். நாயின் முடியைத் தொட்டே அதற்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார். ஒட்ட முடி நாயை ஈரத் துணியால் துடைத்தால் போதும். சொறி கண்டால் கந்தக எண்ணெய். தேங்காய் நார் போல முடி உள்ளதற்குச் செத்த முடியை விரலால் பிடுங்கியெடுக்க வேண்டும். நீள முடிக்காரியை வேர்வரை சீவ வேண்டும், நனைந்தால் உடனே உலர்த்த வேண்டும். எண்ணெய் அதற்கு ஆகவே ஆகாது. இந்தப் புழுக்கத்தில் முடி சடை பிடித்து, அடியில் தோல் வெந்துவிடும்.

பங்களாவுக்குக் குடிவந்த ஜப்பானிய அதிகாரிக்கு இதெல்லாம் என்ன தெரியும்? சொறி வந்த ஒட்ட முடி நாய் எண்ணெயில் மினுங்குவதைப் பார்த்தான். மூன்றும் அப்படியே மினுங்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். தெரிந்தே அண்ணனும் பூசினார். சொன்னதைச் செய்தால் வம்பில்லை என்பது அவர் கணக்கு. குழந்தைக்கு ஒரு கை எண்ணெய் கேட்டேன். தலையைத் திருப்பிக்கொண்டார். கூடப் பிறந்தவரா இவர் என்று அன்று அவரை மனதாரத் திட்டினேன்.

பத்து நாளில் நீள முடிக்காரியின் காதடியில் புண் நாறியது. இவன் எண்ணெயைத் திருடிவிட்டான், அதனால்தான் புண் வந்தது என்று அதிகாரி முடிவு கட்டினான். எண்ணெயால் வந்த புண் என்று, அதிகாரிக்கு மொழிபெயர்க்கும் தோட்டக் கணக்கர் கிராணியிடம் அண்ணன் கெஞ்சியும், அதை அதிகாரியிடம் எடுத்துச் சொல்லக் கிராணிக்கு வாய் வரவில்லை. பங்களா வாசலில் வைத்து அண்ணனைப் பிரம்பால் அடித்தார்கள்.

மறுநாள் காலை அண்ணன் நொண்டிக்கொண்டே என் வாசலுக்கு வந்தார். கையில் தேங்காய்ச் சிரட்டை நிறையக் கந்தகம் குழைத்த எண்ணெய்.

"இந்தா, புள்ளைக்குத் தடவு. திருடாமலே திருடனுக்குள்ள அடிய வாங்கியாச்சு. இனி எடுத்தா என்ன?"

அதன்பிறகு நீள முடிக்காரியின் மேல் ஒரு சொட்டு எண்ணெய் படவில்லை. சடையை வெட்டி, தினமும் சீவி, உலர்ந்த துணியால் தேய்த்தே மினுங்க வைத்தார். என் மகளின் கை ஆறியது. நாயின் காதும் ஆறியது.

அதிகாரிக்கு ஏக சந்தோஷம். கிராணியை வைத்துக்கொண்டு, அடி கொடுத்ததால்தான் இவன் எண்ணெயை ஒழுங்காகப் பூசுகிறான் என்று சொன்னானாம். பிரம்படித் தழும்பு இன்னும் மறையாத முதுகோடு அண்ணன் குனிந்து வணக்கம் போட்டுவிட்டு வந்தார். வீட்டில் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் சிரிப்பார். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.