விளம்பரம் வெட்டிய கேசட்

ஏழு மணிக்கு எழுந்தேன். காபி போட்டேன். ஒரு கோப்பைதான். வாசலில் விழுந்திருந்த பனியை அள்ளிப் போட்டேன். எங்கும் போகிற வேலையில்லை; ஆனாலும் வண்டிக் கண்ணாடியைச் சுரண்டி வைத்தேன். உள்ளே வந்து கிண்ணத்தில் கார்ன்ஃப்ளேக்ஸ் கொட்டி, பாலை ஊற்றி, ஹாலில் தரையில் உட்கார்ந்தேன். சோபா கொலீனின் இடம். நான்கு மாதமாக அதில் நான் உட்காருவதில்லை.

இதுவரை யாரும் நம்புவார்கள். இதற்கு மேல் நடந்ததையும் இதே போல, நடந்த வரிசையில்தான் எழுதுகிறேன். கூட்டவில்லை. அன்று நான் குடித்திருக்கவில்லை. இருட்டும் இல்லை. 2004 பிப்ரவரி, சனிக்கிழமை. எங்கள் ஈரி ஏரிப் பக்கம் குளிர்காலத்தில் அபூர்வமாக வரும் நல்ல வெயில் அன்று வந்திருந்தது.

கொலீன் என் மனைவி. அக்டோபரில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். முப்பது வயது. கேமரா என்றாலே எழுந்து ஓடுகிறவள். எங்கள் கல்யாணத்துக்கே வீடியோ கிடையாது. அவள் குரல் மிஞ்சியிருந்தது ஒரே இடத்தில்தான்: போனில், நாங்கள் வீட்டில் இல்லாதபோது பதில் சொல்லும் மெஷினில். நவம்பர் புயலில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது மெஷினில் ஒன்றுமே இல்லை.

முகம் எனக்கு மறக்கவில்லை. குரல் மறந்துகொண்டே வந்தது. அவள் என் பெயரைச் சொல்வது எப்படி இருக்கும் என்று காரில் தனியாகச் சொல்லிப் பார்ப்பேன். வராது. இன்னும் ஒரே ஒரு தடவை அதைக் கேட்க எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

முந்தின நாள் அவள் அண்ணன் டெரி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவர்கள் அப்பா வீட்டு நிலவறையில் கிடந்த வீடியோ கேசட்டுகள். அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஊரைக் காப்பாற்றும் ஒருவனைப் பற்றிய கார்ட்டூன். அவர்கள் சின்ன வயதில் சனிக்கிழமை காலைகளில் டிவியில் வரும். கொலீன் வாராவாரம் அதை வீடியோ டெக்கில் பதிவு செய்வாளாம். விளம்பரம் வந்தவுடன் பாஸ் பட்டனை அழுத்திப் பதிவை நிறுத்துவாள். படம் திரும்பியதும் விடுவாள். வெட்டிய இடங்களில் கோடு கோடாக ஒரு சின்னக் குதி மட்டும் இருக்கும்.

"பட்டன்ல கைய வச்சுட்டு உக்காருவா பாரு, ஒண்ணுக்குக்கூட எழுந்து போக மாட்டா. நான் தும்மினா எனக்கு அடி விழும்," என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "முதல்ல சவரம் பண்ணு மாப்ள. பிச்சை போடலாமான்னு தோணுது."

அவள் குரல் அதில் இருக்குமா என்று கேட்டேன். அவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். "டிவிலேர்ந்து எடுக்கறதுல ரூம்ல பேசறது பதியாதுப்பா."

தெரிந்ததுதான். ஆனாலும் மறுநாள் எட்டு மணிக்குக் கைக்கு வந்த கேசட்டை எடுத்துப் போட்டேன்.

பாட்டு வந்தது. அங்கி பறந்தது. முதல் விளம்பரம் வர வேண்டிய இடத்தில் படம் குதித்தது. வெள்ளைக் கோடுகள்... அரை நொடி இருக்கும். அதற்குள் ஒரு மூச்சு. மூக்கடைத்த குழந்தையின் மூச்சு.

பின்னால் சுற்றிப் போட்டேன். மூச்சு இருந்தது.

இரண்டாவது குதி. ஒரு சிறுமியின் குரல்.

"டெரி, காலை நகத்து. மறைக்குது."

கிண்ணம் கையிலிருந்து நழுவியது. பால் கம்பளத்தில் ஓடியது.

மூன்றாவது குதி. குரல் வளர்ந்திருந்தது. பதினைந்து, பதினாறு வயதுப் பெண். என்ன சொன்னாள் என்று பிடிபடவில்லை. அங்கிக்காரன் யாரையோ காப்பாற்றிக்கொண்டிருந்தான். நான் அடுத்த கோடுகளுக்காகக் காத்திருந்தேன். வந்தன. பாஸை அழுத்தினேன்.

படம் நின்றது. நின்றபடி நடுங்கியது. படம் நின்றால் சத்தம் வராது. எந்த டெக்கிலும் வராது.

வந்தது.

"பாலைத் துடை, நீல். ஊறினா நாத்தம் போகாது."

கொலீன். முப்பது வயதுக் கொலீன்.

நான் துடைக்கவில்லை. டெக்கின் முன்னால் மண்டியிட்டு, பட்டன் மேல் விரலை வைத்தபடி இருந்தேன்.

டெக் ஒரே இடத்தை ஐந்து நிமிடம்தான் பிடித்து வைக்கும். நாடாவைப் படிக்க உள்ளே சுழல்கிற தலை அந்த இடத்தையே தேய்த்து நாடாவை அறுத்துவிடக் கூடாதென்று, பிறகு தானாகவே விட்டுவிடும்.

டக். விட்டது. கார்ட்டூன் கத்தியது. அவள் இல்லை.

பின்னால் சுற்றினேன். பிடித்தேன். ராத்திரியில் தூங்குகிறாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். போகாதே என்றேன். டக். சுற்றினேன். பிடித்தேன். ஒவ்வொரு தடவையும் கோடுகள் கூடின. ஒவ்வொரு தடவையும் குரல் மெலிந்தது.

நான் பிடிக்கப் பிடிக்க அவள் தேய்கிறாள். அது எனக்குப் புரிந்தது.

புரிந்தும் பிடித்தேன்.

வெயில் ஜன்னலை விட்டுப் போனது.

டக். சுற்றினேன். பிடித்தேன்.

இப்போது வெறும் மூச்சு... இழுத்து இழுத்து...

பிறகு ஒன்று சொன்னாள்.

க்ரீச்...

நாடா அறுந்தது.

டெரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. கேசட்டைத் தனக்குத் தெரிந்த ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டு போனான். அவர் அறுந்ததை ஒட்டினார். இருவரும் உட்கார்ந்து முழுவதும் பார்த்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை டெரி போன் செய்தான்.

"விளம்பரம் எல்லாமே இருக்கு மாப்ள. பொம்மை, சாக்லேட், எல்லாம். ஒரு இடத்துலகூட வெட்டலை. இதைப் பதிவு பண்ணின வாரம் அவளுக்கு அம்மை போட்டிருந்துச்சு. மாடியில படுத்திருந்தா. அம்மா பதிவைப் போட்டுவிட்டுட்டுப் போயிட்டாங்க. டெக் முன்னாடி யாருமே இல்ல."

அந்தக் கேசட்டில் குதிகளே கிடையாது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று டெரி கேட்டான். உன்னை விசாரித்தாள் என்றேன். அவன் அழுதான்.

அவள் டெரியை விசாரிக்கவில்லை. அவள் சொன்னது:

"கைய எடு, நீல். வலிக்குது."